வகுப்பில் ஒரு வருசம், வைண்டிங் கடையில் இரண்டரை வருசம்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெடியன் ஒருவன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, "அண்ணை, ஏ.எல் சரிவரேல்லை. எங்கையும் கோர்ஸ் ஒண்டு படிக்கிறதோ, இல்லாட்டி ஆரிட்டையும் வேலை பழகப் போறதோ, எது திறம்?" என்று கேட்டான். ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பலாம் என்றுதான் தொடங்கினேன். அம்மா இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை, இருட்டியே போய்விட்டது. இதே கேள்வியோடு 2018 தை மாதம் நானும் இருந்தேன், எனக்குக் கேட்க ஆள் இருக்கவில்லை. அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்தேன், 2017 டிசம்பர் கடைசியில் பெறுபேறு வந்தபோது இரண்டு எஸ், ஒரு எஃப். அப்பா 2009க்குப் பிறகு எங்களோடு இல்லை. அம்மா இரண்டு ஏக்கர் வயலையும் ஆறேழு ஆட்டையும் வைத்து என்னையும் தங்கச்சியையும் படிப்பித்தவ. இன்னொரு தரம் எடு என்று அவ சொன்னா, எனக்கு மனம் வரவில்லை. கெதியாக உழைக்க வேண்டும், அதுவும் கரண்ட் வேலைதான் செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு ஆசை. மீள்குடியேறி வந்து கன நாள் விளக்கு வைத்துப் படித்துவிட்டு, வீட்டில் முதல் பல்ப் எரிந்த அன்று மீற்றர் பெட்டிக்குக் கீழேயே நின்ற பெடியன் நான்.

அந்த நேரம் வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு வருட எலக்ரிக்கல் டிப்ளோமா, சர்வதேச அங்கீகாரம், உள்நாட்டு வெளிநாட்டு வேலைவாய்ப்பு. போய்ப் பார்த்தால் ஏசி போட்ட வரவேற்பறை, கழுத்தில் பட்டி கட்டிய ஒருவர் அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டு "அம்மா, உங்கட மகன்ர எதிர்காலத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்றார். அம்மாவை அப்படி மரியாதையாக ஒரு அலுவலகத்தில் இருத்திக் கதைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை, அதில்தான் நாங்கள் இருவரும் விழுந்தோம். கட்டணம் 78,000 ரூபா, மூன்று தவணை. அம்மா தன் இரண்டு காப்பையும் அடகு வைத்தா. வவுனியாவில் அறை வாடகை மாதம் 5,000, சாப்பாடு பஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 7,000. வருசம் முடிய என் கணக்குக் கொப்பியில் 2,22,000 ரூபா எழுதியிருந்தது, அடகு வட்டி அதற்கு வெளியே.

வகுப்பில் நாங்கள் நாற்பதுக்கு மேல். படிப்பித்த சேர் நல்லவர், விளங்கப்படுத்துவார், அதை நான் மறைக்க மாட்டேன். ஓமின் விதி, ஏசி டிசி, மோட்டரை இணைக்கிற ஸ்டார் டெல்டா முறை எல்லாம் அவரிடம்தான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். ஆனால் கை வைத்துச் செய்ய அங்கே இருந்தது ஒரு மரப்பலகை, அதில் மூன்று சுவிச்சும் ஒரு பல்ப் ஹோல்டரும். ஆளுக்கு மாதத்தில் ஒரு தரம் அந்தப் பலகை கிடைக்கும். மூடி கழற்றிய மோட்டர் ஒன்று மூலையில் இருந்தது, அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட விட்டதை ஒரு நாளும் நாங்கள் பார்க்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க வெள்ளைப் பலகையைப் பார்த்து எழுதினோம். முந்நூறு பக்க நோட்ஸ் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கடைசியில் பல்தேர்வு வினாக்களில் ஒரு சோதனை, பிறகு தங்க நிற முத்திரை குத்திய சான்றிதழ். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினா.

2019 தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு கொம்பனி பெரிய கட்டடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தது, எலக்ரீசியன் தேவை என்றார்கள். சான்றிதழைக் கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு "தம்பி, என்.வி.கியூ நம்பர் எங்க?" என்று கேட்டார். எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை. ஒரு வருசம் படித்திருக்கிறேன், அந்தச் சொல்லை வகுப்பில் ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் ஏசவில்லை, பாவம் பார்த்த மாதிரிச் சான்றிதழைத் திருப்பித் தந்தார். பஸ்ஸில் வரும்போது முகத்தை யன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அழுதேன். அம்மாவுக்கு "ஆள் எடுத்து முடிஞ்சுதாம்" என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருசம் எடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், இதுதான் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இலங்கையில் தொழிற்பயிற்சி கொடுக்கும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைக்குழு அது, ரீ.வி.ஈ.சி என்று சொல்வார்கள். ஆனால் நிறுவனம் பதிந்திருப்பது ஒரு விசயம், நீங்கள் படிக்கப் போகும் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸ் என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கொடுக்கத் தரம் பார்த்து அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறொரு விசயம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். "நாங்கள் பதிவு செய்த நிறுவனம்" என்று ஒருவர் சொன்னால் அதோடு திருப்திப்பட்டு எழும்பி வராதீர்கள், "இந்தக் கோர்ஸ் முடிக்க எனக்கு என்.வி.கியூ எத்தனையாம் மட்டம்?" என்று கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம், தெரியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் போங்கள், அதற்குக் காசு இல்லை. மற்றது இந்த டிப்ளோமா என்ற சொல். தேசிய தொழிற்றகைமையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம்தான் டிப்ளோமா வகை, 7 பட்டத்துக்குச் சமம். கையில் ஒன்றுமே பழகாத ஒருவனுக்கு ஒரே வருசத்தில் டிப்ளோமா என்று விற்கிறார்கள் என்றால் எந்த மட்டத்து டிப்ளோமா என்று கேட்டே ஆக வேண்டும். நான் கேட்கவில்லை.

சரி, பிறகு என்ன செய்வது. கிளிநொச்சி உருத்திரபுரத்தில் பெரியம்மா வீடு. அங்கே தங்கி, நகரில் எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வைண்டிங் கடை ஒன்றில் சேர்ந்தேன். தண்ணி இறைக்கிற மோட்டர், மில் மோட்டர், வீட்டு வயரிங் எல்லாம் செய்கிற கடை. முதலாளி அண்ணை ஐம்பது வயதுக்காரர், மின்கம்பியே இல்லாத காலத்து வன்னியில் ஜெனரேற்றரையும் டைனமோவையும் சுற்றிச் சுற்றிப் பழகினவர். பொருளாதாரத் தடைக்குள்ளே வயர் கிடைக்காத நேரம் எரிந்த மோட்டரின் கம்பியைக் கழற்றி, நல்ல துண்டைத் தெரிந்தெடுத்து வேறொன்றுக்குச் சுற்றுவாராம். அப்படி ஒரு கை. ஆனால் அவரிடமும் ஒரு கடதாசியும் இல்லை. "பழகு தம்பி, பழகினால் நீ எங்கையும் பிழைக்கலாம்" என்றார். சம்பளம் நாளுக்கு 600 ரூபா. அதே காலத்தில் மேசனுக்குக் கையாளாகப் போனவனுக்கு 1,300 கொடுத்தார்கள். பழகுகிற காலம்தானே என்று நானும் ஓம் என்றேன். எவ்வளவு காலம் பழகுவது, என்ன என்ன பழகுவது, எப்போது சம்பளம் கூடும், ஒன்றும் கதைக்கவில்லை, ஒன்றும் எழுதவில்லை.

முதல் மாசி மாதம் நடந்ததை மட்டும் விபரமாகச் சொல்ல வேண்டும். பெரும்போக நெல் மில்லுக்கு வந்து குவிகிற நேரம், முரசுமோட்டைப் பக்கம் ஒரு மில்லில் இருந்து அவசர அழைப்பு. மூன்று பேஸ் மோட்டர், அதாவது மூன்று கம்பி வழியாகக் கரண்ட் வருகிற மோட்டர், சுவிச்சைப் போட்டால் ம்ம்ம் என்று உறுமுகிறது, சுழலவில்லை. நான் முந்திக்கொண்டு "கப்பாசிற்றர் போயிருக்கும்" என்றேன். மூன்று பேஸ் மோட்டரில் கப்பாசிற்றரே இல்லை. அதைப் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், ஸ்டார் டெல்டா படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன், ஆனால் புழுதியும் சத்தமும் ஆக்களும் சுற்றி நிற்க அந்த இரும்புக்கு முன்னால் நின்றபோது படித்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அண்ணை ஒன்றும் சொல்லாமல் சுவிச்சைப் போடச் சொல்லி இரண்டு செக்கன் கேட்டார், நிறுத்தச் சொன்னார், புறங்கையை மோட்டரில் வைத்துச் சூடு பார்த்தார். "ஒரு பேஸ் வரேல்லை" என்று போய் மெயினை நிறுத்திப் பியூசைக் கழற்றினார். மூன்றில் ஒன்று எரிந்திருந்தது. பத்து நிமிட வேலை.

வரும் வழியில், ஒரு பேஸ் போனால் ஏன் அண்ணை உறுமுது என்று கேட்டேன். "அது அப்பிடித்தான் தம்பி உறுமும்" என்றார். அன்றிரவு பெரியம்மா வீட்டில் அந்த முந்நூறு பக்க நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேஸும் சேர்ந்தால்தான் உள்ளே காந்தப்புலம் சுழலும், ஒன்று போனால் புலம் சுழலாமல் ஒரே இடத்தில் கூடிக் குறைந்துகொண்டு நிற்கும், மோட்டர் கிளம்பாது, மிச்சக் கம்பிகளில் கரண்ட் ஏறிச் சூடாகும், விட்டால் வைண்டிங் கருகும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் ஓட்டம் நிற்காமலே கருகும். சேர் சொன்னது அப்போதுதான் முழுமையாக விளங்கியது. மறுநாள் அண்ணைக்குச் சொன்னேன், ஒரு பேஸ் போனதும் மோட்டரை நிறுத்துகிற ரிலே ஒன்று இருக்கிறது, மில்காரருக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். அந்த வருசத்திலேயே நாலு மில்லுக்கு அதைப் பூட்டினோம். வகுப்பு வீண் என்று சொல்கிற ஆக்களிடமும், வேலைத்தலத்தில் போய் என்ன பழகலாம் என்று கேட்கிற ஆக்களிடமும் நான் இந்த மில் கதையைத்தான் சொல்வது. என்னிடம் காரணம் இருந்தது, கை இல்லை. அவரிடம் கை இருந்தது, காரணம் இல்லை. இரண்டையும் ஒரே பெடியனுக்குக் கொடுக்கிற வழி எங்கள் ஊரிலேயே இருந்திருக்கிறது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2020இல் கொரோனா ஊரடங்கு, கடை பூட்டு, சம்பளம் இல்லை. அம்மாவின் காப்பு ஏலத்தில் போனது அந்த வருசம்தான். இப்போது அதே காப்பை வாங்கப் போனால் அன்றைய விலையில் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். அந்தக் காப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த வருசம் கார்த்திகை மழைக்குள் இன்னொரு மில். மெயின் சுவிச்சில் ஒரு முனை தளர்ந்து சூடாகிக் கொண்டிருந்தது. மில்காரர் நிறுத்த ஏலாது, லொறி நிற்குது என்றார். அண்ணை வெளியில் இன்னொரு வேலையில் நின்றார், போனில் "பார்த்து இறுக்கிவிடு" என்றார். கரண்ட் ஓடிக்கொண்டிருக்க இறுக்கினேன். ஸ்பானர் பக்கத்து முனையில் பட்டதும் நீல வெளிச்சம் ஒன்று, அவ்வளவுதான் நினைவு. வலது உள்ளங்கை வெந்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள், வீட்டில் ஐந்து கிழமை. கண் தப்பியது கடவுள் செயல். அண்ணை வந்து பார்த்தார், 5,000 ரூபா தந்தார், அழுதார். அதற்கு மேல் கேட்க என் கையில் ஒன்றுமில்லை. நான் அந்தக் கடையில் வேலை செய்ததற்கே ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. வேலையாளாகப் பதிந்திருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதமும் முதலாளியின் பங்கு 12 வீதமும் போயிருக்கும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம் போயிருக்கும், விபத்துக்கு நட்டஈடு கேட்க ஒரு வழி இருந்திருக்கும். பயிலுநராகப் பதிந்திருந்தால் என்னைத் தனியாக அந்தப் பெட்டிக்கு முன்னால் விட்டதற்குக் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்திருப்பார். அண்ணைமேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அவரிடம் பழகியதை நினைத்தால் நன்றியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

கை கட்டோடு வீட்டில் இருந்தபோதுதான் மாமாவின் மகன் வந்தான். என்னோடு ஒரே வருசம் ஏ.எல் எடுத்தவன், என்னைவிடக் குறைந்த பெறுபேறு. 2018இல் அவன் அரச தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் இதே எலக்ரீசியன் கோர்ஸுக்குப் போனான். கட்டணம் இல்லை. அரச நிலையங்களில் முழுநேரக் கோர்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது, இருந்தாலும் சின்னத் தொகைதான், இது எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. காசு கொடுத்தால்தான் நல்ல படிப்பு என்று நாங்களும் நினைத்தோம். அவன் வகுப்பும் செய்முறையுமாகப் படித்து, கடைசி ஆறு மாதம் ஒரு கட்டட வேலைத்தலத்தில் பயிற்சிக்கு நின்று, என்.வி.கியூ 4 எடுத்து, அப்போது ஒரு கொம்பனியில் சம்பளச் சீட்டோடு வேலை செய்துகொண்டிருந்தான். அவனும் சொன்னான், வேலைத்தலத்துக்குப் போன முதல் இரண்டு மாதம் வெட்கக்கேடாக இருந்ததாம், கையாள் பெடியன் இரண்டு மணித்தியாலத்தில் இழுக்கிற வயரைத் தான் ஒரு நாள் முழுக்க இழுத்தானாம். ஆனால் அந்த ஆறு மாதம் பயிற்சியின் கணக்கில் போனது, பிழை விட்டால் திருத்த ஒருவர் நின்றார். எனக்கு அதே பிழைகள் சம்பளத்தில் வெட்டாகப் போயின.

அவன்தான் நைற்றாவைப் பற்றிச் சொன்னான். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை. 1971இல் பயிலுநர் சபையாகத் தொடங்கியது, மாவட்டங்களில் அலுவலகம் இருக்கிறது. கடையிலோ கொம்பனியிலோ வேலை பழக விரும்பும் பிள்ளையை, அந்த முதலாளியை, சபையை மூன்று பேரையும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் செய்வார்கள். எத்தனை மாதம், எந்த வேலை, என்ன அலகுகள் பழக வேண்டும் என்று அதில் இருக்கும், நாட்குறிப்பு எழுத வேண்டும், உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், முடிவில் மதிப்பீடு செய்து என்.வி.கியூ. நான் நின்ற அதே கடையில், அதே அண்ணையிடம், அதே மோட்டரைச் சுற்றிக்கொண்டு இதைச் செய்திருக்கலாம் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. இரண்டரை வருசம். முழு அலுவலுக்கும் ஒரு பஸ் ரிக்கற் காசுதான் செலவு வந்திருக்கும்.

நடந்தது நடந்துவிட்டது, இனி என்ன வழி என்று கேட்டேன். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கிற முறை இருக்கிறது, ஆர்.பி.எல் என்பார்கள். படித்த இடம் கேட்க மாட்டார்கள், செய்து காட்டச் சொல்வார்கள். அடையாள அட்டைப் பிரதி, வேலை செய்த இடத்துக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், பில் இருந்தால் பில், இவற்றை ஒரு கோவையாகச் சேர்க்க வேண்டும். என்னிடம் படம் ஒன்றும் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்ற அந்த வருசத்தில், நான் முன்பு வயரிங் செய்த வீடுகளுக்குச் சைக்கிளில் திரும்பிப் போய் "அக்கா, உங்கட மெயின் போர்ட்டை ஒருக்கா படம் எடுக்கட்டோ" என்று கேட்டுத் திரிந்தேன். தயவுசெய்து, எந்த வேலை செய்தாலும் செய்ய முன் ஒரு படம், செய்த பின் ஒரு படம் எடுத்து வையுங்கள். போன் இல்லாத பெடியன் இப்போது யார்?

முதல் மதிப்பீட்டில் நான் முழுதாகத் தேறவில்லை. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் சுவிச் வைத்து ஒரு பல்ப், அதைக் கண் மூடித் திறக்க முன் செய்து கொடுத்தேன். ட்ரிப் சுவிச்சோடு மெயின் போர்ட், அதுவும் சரி. பிறகு ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்து, "கரண்ட் கொடுக்க முன்னம் வயரிங்கின்ர காப்பைச் சோதியும் தம்பி" என்றார் மதிப்பீட்டாளர். காவலிடுதலைத்தான் கேட்கிறார். அந்தப் பெட்டிதான் மெகர், கம்பியைச் சுற்றியிருக்கிற காவலால் கரண்ட் கசியுதா என்று அளக்கிற கருவி. நோட்ஸில் படம் கீறியிருக்கிறேன், 500 வோல்ட் டிசியில் பார்க்க வேண்டும், 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். கையால் தொட்டதில்லை. கடையிலும் அது இருக்கவில்லை, அண்ணை ரெஸ்ரரையும் தன் காதையும் வைத்தே முப்பது வருசம் ஓட்டியவர். எந்த வயரை எதோடு சேர்த்துப் பார்ப்பது, பல்பைக் கழற்றுவதா விடுவதா, ஒன்றும் தெரியாமல் நின்றேன். வகுப்பு விட்ட ஓட்டையும் கடை விட்ட ஓட்டையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த அலகு மட்டும் விடுபட்டது. ஆனால் தேறிய அலகுகள் வீணாகப் போவதில்லை, அவற்றுக்குத் தனியாக ஒரு சான்று தருவார்கள், விட்டதை மட்டும் திரும்பச் செய்யலாம். மச்சான் தன் வேலைத்தலத்து மெகரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து எங்கள் வீட்டு வயரிங்கிலேயே பழக்கினான். 2023இல் மட்டம் 3 கையில் வந்தது. நம்பரோடு. இப்போது கிளிநொச்சியில் சோலார் பூட்டுகிற ஒரு குழுவில் நிரந்தரமாக நிற்கிறேன், மட்டம் 4க்குக் கோவை சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

லண்டனில் இருக்கும் சித்தியின் மகனும் இதே மாதிரி இரண்டு வழிக்கு நடுவில் நின்றான் என்று சித்தி போனில் சொன்னா. இங்கிலாந்தில் 2020இல் ரீ லெவல் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், பதினாறு வயதுச் சோதனை முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருசம், பெரும்பகுதி வகுப்பு, ஆனால் குறைந்தது 315 மணித்தியாலம் ஒரு உண்மையான வேலைத்தலத்தில் நிற்க வேண்டும். பயிலுநராகப் போனால் அங்கே அது சம்பளம் உள்ள வேலை, எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வேலை நேரத்துக்குள்ளேயே படிப்புக்கும் ஒதுக்க வேண்டும். ஜேர்மனியில் எலக்ரீசியன் பயிற்சி மூன்றரை வருசம், கிழமையில் ஒன்றிரண்டு நாள் பாடசாலை, மிச்ச நாள் கொம்பனி. அந்த நாட்டு உதவியோடுதான் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறந்தார்கள். நான் வவுனியாவுக்கு அறை எடுத்துப் போன வருசத்தில் அது ஏ9 வீதியோரம், எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பஸ்ஸில் அதைக் கடந்து எத்தனை தரம் போயிருப்பேன், இறங்கிக் கேட்கவில்லை, அதெல்லாம் பெரிய படிப்பாளிகளுக்கு என்று நானே முடிவெடுத்துவிட்டேன்.

பெடியனுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டில் ஒரு வருசம் உன் உழைப்பில்லாமல் சமாளிப்பார்கள் என்றால் வகுப்புக்குப் போ, ஆனால் சேர முன் அந்த வேர்க்சொப்பைத் திறந்து காட்டச் சொல்லு, எத்தனை பேருக்கு எத்தனை இயந்திரம், கரண்ட் கொடுத்து ஓட விடுவீர்களா, வேலைத்தலப் பயிற்சிக்கு நீங்கள் இடம் பிடித்துத் தருவீர்களா நான் தேட வேண்டுமா என்று கேள். கேட்டதற்குக் கோபிக்கிற இடத்தில் சேராதே. உயர்தரம் வரை வந்த உனக்கு மேலே போகிற எண்ணம் இருந்தால் வகுப்பு வழி லேசு. 4ஆம் மட்டம் முடித்தால் 5, 6 என்று யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகக் கல்லூரி மாதிரி இடங்களில் தொடரலாம், இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை பாதை இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரிய உன் காசு வேண்டும் என்றால் வேலை பழகப் போ, அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் முதல் நாளே முதலாளியை நைற்றா ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கச் சொல்லு. அவர் தயங்கினால் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இருக்காது, கந்தோர், கையெழுத்து என்றால் எங்கள் ஆக்களுக்கு ஒரு பயம், அவ்வளவுதான். உத்தியோகத்தரையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, வருவார்கள். அதற்கும் சம்மதிக்காதவரிடம் மூன்று மாதத்துக்கு மேல் நிற்காதே. என் தங்கச்சி கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பெண் பிள்ளையைக் கடையில் விட வீட்டில் பயம் என்றால், ஒப்பந்தமும் பார்க்க வருகிற ஆளும் இருப்பது அந்தப் பயத்துக்கும் ஒரு மருந்து.

சொல்ல மறந்துவிட்டேன், வைண்டிங் கடை அண்ணையும் போன மாசி மாதம் ஆர்.பி.எல்லுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். "அனுபவம் எத்தனை வருடம்" என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தையும் சேர்க்கிறதோ தம்பி என்று கேட்டார். அங்கேயும் ஆரின்ரையோ றேடியோவைத் திருத்திக் கொடுத்தாராம். சேருங்கோ அண்ணை என்றேன். வாற சனிக்கிழமை பின்னேரம் மெகரைக் கொண்டு போய் அவருக்கும் காட்டிக் கொடுக்க வேண்டும், ஒழுங்கைப் பெடியனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.